மீன்குஞ்சின் வாய் எவ்வளவு பெரிசு?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்கினேன். ஆண் நீலம், பெண் ஏதோ அழுக்குச் சிவப்பு. பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றில் விட்டு, மேலே ஒரு வாழைச்சருகுத் துண்டைப் போட்டு வைத்தேன். ரெண்டு நாளில் ஆண் மீன் அந்தச் சருகுக்கு அடியில் எச்சில் குமிழியாக ஊதி ஊதி ஒரு நுரைக்கூடு கட்டிவிட்டது. அப்புறம் முட்டை. மறுநாள் நுரைக்கு அடியில் கமா மாதிரி தொங்கும் குஞ்சுகள். எண்ண முடியவில்லை, இருநூறாவது இருக்கும். தெருவில் இருந்த பையன்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

மூணாம் நாள் குஞ்சுகள் நேராக நீந்த ஆரம்பித்ததும் சாப்பாடு போடணும் என்று தோன்றியது. அவித்த முட்டையின் மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினேன். யாரோ சொன்னது. அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் நாற்றம். அடுத்த நாள் ஒரு குஞ்சுகூட மிச்சமில்லை.

மீன் வாங்கின கடைக்கே போய் அழாத குறையாகச் சொன்னேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. "தம்பி, அதுங்க வாய் எவ்ளோ பெரிசுன்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "நீ போட்டது தண்ணிக்குத்தான் சாப்பாடு. அது அழுகிப் போச்சு. குஞ்சுக்கு அது சாப்பாடே இல்ல. அசையணும், வாய்க்குள்ள போற அளவுல இருக்கணும். அப்பதான் தின்னும்" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அலங்கார மீன் வளர்ப்பின் வரலாறு என்று எதைப் படித்தாலும் எந்தக் கப்பலில் எந்த அழகு மீன் வந்தது, யார் அதற்குப் பெயர் வைத்தார் என்றுதான் இருக்கும். ஆனால் ஒரு மீன் தொட்டிக்கு வந்து சேர்வதற்கும், அந்தத் தொட்டியிலேயே அதன் பேரப்பிள்ளைகள் நீந்துவதற்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கிறது. குஞ்சு முதன்முதலாக வாயைத் திறக்கும் வாரம். உண்மையான வரலாறு அந்த ஒரு வாரத்தில்தான் நடந்திருக்கிறது என்பது என் கட்சி. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

ஊறப்போட்ட மிளகு

கதை மீனிலிருந்து தொடங்கவில்லை. மிளகிலிருந்து தொடங்குகிறது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டனி வான் லேவன்ஹூக்குக்கு ஒரு சந்தேகம். மிளகு நாக்கில் ஏன் உறைக்கிறது? அதற்குள் முள் மாதிரி ஏதாவது இருக்குமோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். இது 1676. முள் எதுவும் தெரியவில்லை. ஊறின தண்ணீருக்குள் எண்ணிலடங்காத சின்னஞ்சிறு உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். முதலில் அங்கே யாரும் நம்பவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த உயிர்களுக்கு 'இன்ஃபியூசோரியா' என்று பெயர் வந்தது. ஊறல் தண்ணீரில் தோன்றுபவை என்று அர்த்தம். வைக்கோல், கீரை, வாழைப்பழத்தோல் எதை ஊறப்போட்டாலும் வரும். முதலில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். பிறகு அந்த பாக்டீரியாவைத் தின்ன பாரமீசியம் போன்றவை பெருகும், தண்ணீர் மறுபடி தெளியும். இன்றைக்கும் ஃபைட்டர், கௌராமி குஞ்சு வளர்ப்பவர்கள் மொட்டை மாடியில் வாளி வைத்துச் செய்வது இதைத்தான். மஞ்சள்கரு கரைத்த என் தொட்டியிலும் முதல் கட்டம் ஒழுங்காகத்தான் நடந்தது, பாக்டீரியா பெருகியது. ரெண்டாம் கட்டம் வரும் வரை குஞ்சுகள் தாங்கவில்லை. தனி வாளியில் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டியதைக் குஞ்சு இருக்கும் தொட்டிக்குள்ளேயே நடத்திவிட்டேன்.

லேவன்ஹூக்கின் கடிதத்துக்கு ஏழு வருஷம் முன்னால், 1669-ல், இன்னொரு டச்சுக்காரரான யான் ஸ்வாமர்டாம் குளத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் ஒரு பூச்சியை விவரித்து, 'தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி' என்ற அர்த்தத்தில் பெயர் கொடுத்திருந்தார். நாம் டாஃப்னியா என்று சொல்வது அதைத்தான். ஆக, மீன்குஞ்சின் முதல் வாரச் சாப்பாடும் அடுத்தடுத்த வாரச் சாப்பாடும் பதினேழாம் நூற்றாண்டிலேயே லென்ஸுக்குக் கீழே வந்துவிட்டன. அவை சாப்பாடு என்று பார்த்தவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நத்தை போட்ட தொட்டி

அடுத்த கட்டம் லண்டன். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், 1850-ல் கெமிக்கல் சொசைட்டியின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ரெண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், மீன் விடுவதைச் செடி எடுத்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றவே வேண்டாம். ஆனால் உதிர்ந்த இலை அழுகி, தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தை அழுகலைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது.

1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சி அரங்கு திறந்தது. அடுத்த வருஷமே ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தைப் போட, இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் தொட்டி வைப்பது ஒரு பைத்தியமாகவே பரவியது.

இந்தத் தொட்டிகளில் மீன் உயிரோடு இருந்தது. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய சாதனை. இனப்பெருக்கம் என்பது வேறு கணக்கு. மீன் உயிரோடு இருக்கக் காற்று போதும். குஞ்சு பிழைக்க, அதன் வாயளவுக்கு ஓர் உலகமே வேண்டும்.

பாரிஸில் நுரைக்கூடு

1869-ல் பியர் கார்போனியே என்ற பிரெஞ்சு மீன் வளர்ப்பாளருக்குச் சீனத்திலிருந்து ஒரு மீன் வந்து சேர்ந்தது. இப்போது பாரடைஸ் மீன் என்கிறோம். சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக இருக்கும், ஃபைட்டருக்குச் சொந்தக்காரன். சீனத்திலிருந்து பாரிஸுக்கு அந்தக் காலக் கப்பலில் வருவது என்றால் சும்மா இல்லை. தொட்டிக்குக் காற்று ஊத மோட்டார் கிடையாது. பிறகு எப்படிப் பிழைத்து வந்தது?

அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அங்கே வைத்துக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் கவலையில்லை. ஃபைட்டர், கௌராமி எல்லாமே இந்தக் கூட்டம்தான்.

இந்தக் கூட்டத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள் பனையேறிக் கெண்டை. இதைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதினதில் ஒரு சுவாரசியம் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் லெப்டினென்டாக இருந்த டால்டார்ஃப், 1791 நவம்பரில் ஒரு குளத்தோரப் பனைமரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், பட்டை வெடிப்புக்குள் இந்த மீனைப் பிடித்ததாகச் சொன்னார். 1797-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டியின் இதழில் அது அச்சானது. மீன் மரம் ஏறுமா என்ற சண்டை அதற்கப்புறம் ரொம்ப காலம் ஓடியது. காற்றைக் குடிக்கும் மீன் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. தரங்கம்பாடிக் குளத்து மீனைக் கரையில் காப்பாற்றிய அதே தந்திரம்தான் பாரடைஸ் மீனைக் கப்பலில் காப்பாற்றியது.

கார்போனியேயின் தொட்டியில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டியது. முட்டை வந்தது. குஞ்சும் வளர்ந்தது. கூடு கட்டுவதையும், நழுவி விழும் குஞ்சைத் தகப்பன் வாயால் கவ்வி மறுபடி நுரைக்குள் துப்புவதையும் அவர் வியந்து வியந்து எழுதினார். சில வருஷம் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த கங்கைக் கௌராமியையும் அங்கேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்.

இங்கே எனக்கு ஓர் ஊகம். செடி அடர்ந்த, பழைய இலை மட்கிக் கிடக்கும் தொட்டி என்பதே ஒரு ஊறல் பாத்திரம்தானே? அந்தக் காலத்தில் வடிகட்டி கிடையாது, தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும் இல்லை. இலைகளின் மேல் படியும் வழுவழுப்பில் இன்ஃபியூசோரியா தானாகவே இருந்திருக்கும். இப்போது பளபளவென்று சுத்தமாக வைத்திருக்கும் தொட்டியில் சாகும் குஞ்சு, அந்த அழுக்குத் தொட்டியில் பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை.

வாய் பெரிசாகவே பிறந்தவன்

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1866-ல் ட்ரினிடாட் தீவிலிருந்து ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீனுக்கு, லண்டனில் குந்தர் என்ற மீனியல் அறிஞர் அவர் பெயரையே வைத்தார். அந்த மீனை ஏழு வருஷம் முன்பே ஜெர்மனியில் பீட்டர்ஸ் விவரித்துவிட்டார் என்பதால் அறிவியல் பெயரில் கப்பி நிலைக்கவில்லை, பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டார்.

கப்பி முட்டை போடாது, குட்டி போடும். பிறக்கும்போதே குட்டி கண் தெரிந்து, நீந்திக்கொண்டு, பொடித்த தீவனத்தைத் தின்னும் அளவுக்கு வாயோடு வரும். இன்ஃபியூசோரியா வாளி தேவையில்லை. பார்படோஸில் இதற்கு 'மில்லியன்ஸ்' என்றே பெயர். கொசுப்புழுவைத் தின்னும் என்று இதை உலகம் முழுக்கக் குளத்திலும் சாக்கடையிலும் விட்டார்கள், இந்தியாவிலும் விட்டார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு முதன்முதலில் குட்டி போட்ட மீன் கப்பியாகத்தான் இருக்கும். அது நம் திறமை இல்லை. முதல் வாரப் பிரச்சினையைத் தாய் வயிற்றிலேயே தீர்த்துக்கொண்டு பிறக்கும் மீன் அது.

குளம் உறைந்தால் என்ன செய்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் ஜெர்மனிக்கு மாறியது. 1888-ல் பெர்லினில் 'ட்ரைட்டன்' சங்கம். 1890-ல் தொட்டி வளர்ப்புக்கென்றே ஒரு பத்திரிகை. தொழிலாளி, ஆசிரியர், குமாஸ்தா என்று எல்லோரும் சேர்ந்த சங்கங்கள். விடிகாலையில் மெல்லிய துணி வலையும் வாளியுமாகக் குளத்துக்குப் போய் டாஃப்னியா அள்ளிக்கொண்டு வருவது அந்த வாழ்க்கையின் ஒரு பகுதி.

ஆனால் அது குளிர் நாடு. குளம் உறைந்தால் சாப்பாடு நின்றுவிடும். வெப்பமண்டல மீனோ, ஹீட்டர் போட்ட தொட்டியில் குளிர்காலத்திலும் முட்டையிடும். மரப்பெட்டி மண்ணில் பால் ரொட்டி போட்டு வெள்ளைப் புழு வளர்த்தார்கள். அது வளர்ந்த மீனுக்குச் சரி. குஞ்சுக்கு? ஊறல் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. குஞ்சுக்கான சாப்பாடு பருவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பித்தான் இருந்தது.

உப்பளத்திலிருந்து வந்த விடை

விடை மீன் இல்லாத இடத்திலிருந்து வந்தது.

இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளத்தில் மிதக்கும் ஒரு சின்ன இறால் மாதிரிப் பூச்சியை 1750-களிலேயே ஷ்லாஸர் என்பவர் விவரித்திருந்தார். ஆர்ட்டீமியா. கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீரில் மீன் வாழாது. ஆர்ட்டீமியா அங்கே போய் ஒளிந்துகொண்ட பூச்சி. உப்பு ரொம்ப ஏறினால், தண்ணீர் வற்றினால், குட்டிக்குப் பதிலாகக் கெட்டியான ஓடு போட்ட முட்டைகளை விடும். கால் மில்லிமீட்டர் அளவு, பழுப்பு நிறப் பொடி. காய்ந்து கரையில் ஒதுங்கி வருஷக்கணக்கில் கிடக்கும். உள்ளே கரு உறங்கிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டு, வெதுவெதுப்பாக வைத்து, காற்று ஊதினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குட்டி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் துடித்துத் துடித்து நீந்தும்.

அசையும், வாய்க்குள் போகும், அழுகாது. கடைக்காரர் அண்ணன் சொன்ன மூன்றும் ஒரே பொடியில்!

1933-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தைச் சேர்ந்த ஆல்வின் சீல், ஆர்ட்டீமியா மீன்களுக்குத் திருப்தியான உயிர் உணவு என்று ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். அந்த ஊரின் விரிகுடாவைச் சுற்றி உப்பளங்கள் இருந்தன. 1939-ல் நார்வேயின் ரோலெஃப்சன் கடல் மீன் குஞ்சுகளையும் இதே முறையில் வளர்க்கலாம் என்று காட்டினார். இந்த ரெண்டு கட்டுரைகளின் மேல்தான் இன்றைய மீன் பொரிப்பகங்களும் இறால் பொரிப்பகங்களும் நிற்கின்றன. பிறகு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி முட்டை அறுவடையின் மையமாயிற்று.

யோசித்துப் பார்த்தால் இது அரிசி மாதிரிதான். அள்ளின அன்றே போட வேண்டிய சாப்பாடு, டப்பாவில் அடைத்து அலமாரியில் வைக்கும் தானியமாகிவிட்டது. ஒரு கிராமில் ரெண்டு லட்சத்துக்கும் மேல் முட்டை. குளமும் வேண்டாம், பருவமும் வேண்டாம். மீன் முட்டையிடும் நாளைப் பார்த்து ஒரு ஸ்பூன் பொடியைக் கரைத்தால் போதும். ஆனாலும் சில கௌராமிக் குஞ்சுகளின் வாய்க்கு ஆர்ட்டீமியாகூடப் பெரிசு. அவற்றுக்கு முதல் சில நாள் இன்றைக்கும் லேவன்ஹூக்கின் ஊறல் தண்ணீர்தான்.

வரிக்குதிரை மீன் ஆய்வகத்துக்குப் போன கதை

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக் கதை என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி.

1800-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பி மைசூர், கனரா, மலபார் என்று சுற்றி மூன்று தொகுதி பயண அறிக்கை எழுதிய பிரான்சிஸ் புக்கானனை வரலாறு படிப்பவர்களுக்குத் தெரியும். அவரேதான் பின்னாளில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1822-ல் கங்கையாற்று மீன்களைப் பற்றி ஒரு பெரிய நூல் போட்டார். அதில் விரல் நீளம்கூட இல்லாத, நீலக்கோடு போட்ட ஒரு மீனும் இருந்தது. இன்றைய ஜீப்ரா டேனியோ. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மீன்.

தொட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதை இனப்பெருக்கம் செய்து, எப்படிச் செய்வது என்பதைப் பழக்கமாக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் முதுகெலும்புள்ள ஒரு பிராணியில் மரபியல் செய்ய வேண்டும் என்று தேடியபோது, இந்த மீனைத் தேர்ந்தெடுத்தார். கரு கண்ணாடி மாதிரி இருக்கும், இதயம் துடிப்பது வெளியே தெரியும், மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை. 1981-ல் அவருடைய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. 1996 டிசம்பரில் ஜெர்மனியின் ட்யூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த பெரும் ஆய்வுகளின் முடிவுகளுக்காக 'டெவலப்மென்ட்' என்ற இதழின் முழு வெளியீடே ஒதுக்கப்பட்டது. 2013-ல் இந்த மீனின் மரபணுத் தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு அதில் இணை இருப்பது தெரிந்தது.

அந்த ஆய்வகங்களில் குஞ்சுகளுக்கு என்ன போட்டார்கள்? ஐந்தாம் நாள் வாய் திறந்ததும் பாரமீசியம். கொஞ்சம் வளர்ந்ததும் ஆர்ட்டீமியா. மாடியில் வாளி வைத்திருப்பவர் செய்வது எதுவோ, அதுதான்.

சேறும் உப்பும்

கடைசியாக நம்மூர். சென்னை கொளத்தூரில் தெரு முழுக்க வண்ணமீன் கடைகள். அந்த மீன்களில் பலவற்றை வளர்ப்பது சென்னையைச் சுற்றியுள்ள வீடுகளின் கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டிகளில்தான். அங்கே போய் நின்றால் நான் இங்கே எழுதின வரலாறு முழுவதும் பக்கத்துப் பக்கத்து வாளிகளில் இருக்கும். பச்சைத் தண்ணீர் ஒன்றில், மொய்னா ஒன்றில், ஆர்ட்டீமியா பொரிக்கும் கவிழ்த்த பாட்டில் ஒன்றில்.

கூடவே ஒரு தட்டில் சிவப்பாக, உருண்டையாக, பின்னிப் பிணைந்த டியூபிஃபெக்ஸ் புழு. மீன்களுக்கு உயிர். ஆனால் அந்தப் புழு ஆக்சிஜன் இல்லாத, கழிவு கலந்த அடிச்சேற்றில்தான் செழிக்கும். அதற்காக யாரோ ஒருவர் இடுப்பளவு சாக்கடையில் இறங்கிச் சேற்றை அள்ளி, அலசி, பிரித்தெடுக்க வேண்டும். நம் கூடத்துத் தொட்டியில் பளபளக்கும் மீனின் நிறத்தில் அவருடைய கால் சேறும் இருக்கிறது. எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் அவருக்கு வரி கிடையாது. புழு வாங்கும்போது பேரம் பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைக்கலாம். முடிந்தவர்கள் வீட்டிலேயே மொய்னா வளர்க்கலாம். மீனுக்கும் நோய் குறையும்.

ஆர்ட்டீமியாவுக்கு வேறு கதை. தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்ட்டீமியா உண்டு. ஆண் துணை இல்லாமலே பெருகும் இனம் அது. ஆனால் நம் கடைகளில் விற்கும் ஆர்ட்டீமியா டப்பாக்களில் பெரும்பாலும் வெளிநாட்டு முட்டைதான். உப்பு வாரும் இடத்திலேயே மீனின் முதல் சோறும் விளைகிறது என்பது நமக்கு இன்னும் உறைக்கவில்லையோ என்று தோன்றுகிறது.

போன மாதம் மறுபடி ஒரு ஜோடி ஃபைட்டர் விட்டேன், இத்தனை வருஷம் கழித்து. இந்த முறை ஜோடி சேர்க்கும் முன்பே வைக்கோல் ஊறப்போட்டு, பத்து நாள் காத்திருந்து, தண்ணீர் தெளிந்த பிறகுதான் பெண் மீனை விட்டேன். நுரைக்கூட்டிலிருந்து குஞ்சுகள் இறங்கின அன்று ஒரு பூதக்கண்ணாடி எடுத்து முதலில் வாயைப் பார்த்தேன். ஒரு குண்டூசி முனையைவிடச் சின்னது. இதை எழுதும்போது எண்பதுக்கும் மேல் நீந்திக்கொண்டிருக்கின்றன.